பின் சீட்டில் இருப்பவரைக் கேளுங்கள்

ஐயா, தவறாக நினைக்காதீர்கள். முழங்கால்களுக்கு நடுவில் நீங்கள் அணைத்துப் பிடித்திருக்கும் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். காருக்குப் போடும் ஷாக் அப்சார்பர். கூடவே குட்டையான ஸ்பிரிங்கும் இருக்கும். பெட்டியின் பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்த்தேன். உங்களுக்கா? ஓ, மாப்பிள்ளைக்கா. ஓசூரில் கடை சொல்லி வாங்கிவரச் சொன்னாரா. சரி.

சரி என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். முன்பின் தெரியாதவரிடம் பேசுகிறவள் இல்லை நான். ஆனால் இதேபோல் ஒரு பெட்டியைப் போன வருடம் நானும் இந்த வழியில்தான் கொண்டுபோனேன். அன்றைக்கும் கடைசி வரிசைதான் கிடைத்தது. நீங்கள் சேலத்தில் இறங்குவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி நான் நேரில் பார்த்ததில்லை. நான் ஓசூரில் இருந்தேன். அக்கா போனில் சொன்னது கொஞ்சம். மச்சான், அதாவது அக்காவின் கணவர், சொன்னது கொஞ்சம். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் யார் சொன்னது எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். அப்பா சொன்னது எதுவும் இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் இதில் விஷயமே.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மெக்கானிக்கல் படித்தேன். ஓசூரில் ஓர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை. வருகிற இரும்புத் துண்டுகளை அளந்து, சரி, சரியில்லை என்று எழுத வேண்டும். அதனால் அளக்காமல் எதையும் சொல்ல எனக்குப் பயம். ஊர் பள்ளிபாளையம். அப்பா சென்னியப்பன், சொந்தமாகத் தறி ஓட்டுகிறவர். அக்கா வளர்மதியின் கல்யாணத்துக்காகத் தறிகளில் பாதியை விற்று ஒரு கார் வாங்கினார். மாப்பிள்ளை வீட்டார் கேட்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், கேட்கவே இல்லை. ஆனால் அந்த வீட்டு மூத்த மருமகள் காரோடு வந்தவள். அப்பா அதைப் பார்த்துவிட்டு வந்தார்.

புது வண்டிக்கு வழியில்லை. நன்றாக இருந்த ஒரு பழைய வண்டியை வாங்கி, பெயின்ட் அடித்து, மாலை போட்டு மண்டப வாசலில் நிறுத்தினார். மச்சானின் பெரியப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைச் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏனுங்க, ரெண்டாங் கை வண்டீங்களா?"

இதை நான் நேரில் பார்த்தேன். அப்பா கல்யாண வேட்டியின் கரையை நீவி விட்டுக்கொண்டே நின்றார். மச்சான்தான் மாலையும் கழுத்துமாக வந்து சொன்னார்: "எத்தனாவது கையா இருந்தா என்னங்க பெரீப்பா? என்ற மாமனார் குடுத்த வண்டி. ரோட்ல போனா நாலு பேரு திரும்பிப் பாக்கற மாதிரி வெச்சுக்கறேன், பாருங்க."

மச்சான் பெயர் நவநீதன். குமாரபாளையத்தில் செல்போன் கடை. சொன்னதைச் செய்கிற மனிதர். அதனால்தான் வண்டியை இறக்கினார்.

இறக்குவது என்றால் உங்கள் மாப்பிள்ளை சொல்லியிருப்பாரே. வண்டியின் உடம்பைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. டயருக்கும் அதற்கு மேலே வளைந்திருக்கும் தகட்டுக்கும் நடுவில் விரல்களை அடுக்கி நுழைத்துப் பார்ப்பார்கள். சாதாரணமாக நாலு விரல் போகும். இரண்டு விரல்தான் போகிறது என்றால் அழகு. ஒரு விரல் என்றால் பையன்கள் நின்று போட்டோ எடுப்பார்கள். மச்சான் முதலில் செய்தது தப்பான வேலை. ஒரு பட்டறையில் விட்டு, ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்துவிட்டார். ஷாக் பழையதே இருந்தது. ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்கும். அந்த ஸ்பிரிங் ஆடாமல் அடக்குவது ஷாக்கின் வேலை. ஒன்றைக் குட்டையாக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டால் ஷாக்குக்கு மேலும் கீழும் போக இடம் இருக்காது. அடியில் ஒரு ரப்பர் கட்டை உண்டு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதில் போய் முட்டும்.

"தவளையாட்டம் போகுதுடி. பூவெல்லாம் தலையில இருந்து கழண்டு உழுகுது," என்றாள் அக்கா.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு முதுகு போனது. பாவு நூல் சுற்றிய கனமான தறி உருளையைத் தனியாகத் தூக்கியிருக்கிறார். இடுப்புக்கு மேலே முதுகெலும்பு வட்டு பிதுங்கிவிட்டது. ஈரோட்டில் டாக்டர், வாரத்துக்கு இருமுறை வந்து எடை கட்டி முதுகை இழுக்கும் இழுவை வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கேட்கவில்லை என்றால் ஆபரேஷன்தான், அதற்கப்புறம் தறிப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். தறிக்குப் போகாமல் அப்பா என்ன செய்வார்? அவருக்கு வேறு என்ன தெரியும்? ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

மச்சான்தான் அழைத்துக்கொண்டு போனார். அதை மறக்கக் கூடாது. கடையைச் சாத்திவிட்டு, குமாரபாளையத்திலிருந்து அக்காவையும் ஏற்றிக்கொண்டு பள்ளிபாளையம் வந்து, அப்பாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து, காவிரிப் பாலம் தாண்டி ஈரோடு. சொந்த மகன் இருந்தால்கூட இப்படிச் செய்வானா தெரியாது. நான் ஓசூரில் இருந்து என்ன செய்ய முடியும்?

என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் மச்சான் போன் செய்தார்.

"அம்மிணி, நீதான மெக்கானிக்கலு. உன்ற அக்கா தெனமும் திட்டறா. வண்டி இறங்கியும் இருக்கோணும், மாமாவுக்கு அலுங்காமயும் இருக்கோணும். எந்த ஷாக்கு போடறதுன்னு சொல்லு."

ஐயா, என் படிப்பை வைத்து எங்கள் வீட்டில் யாரும் ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. நான் படித்தது எல்லா இயந்திரத்துக்கும் பொதுவான படிப்பு. ஷாக்கைப் பற்றி ஒரு பாடம் இருந்ததாக நினைவு. அதைச் சொல்லவில்லை. "பாத்துட்டுச் சொல்றனுங்க மச்சான்" என்றேன். பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். கடைகளில் போய்க் கேட்டேன். ஆலையில் ஓட்டுநர்களைக் கேட்டேன். கடைசியில் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஒரே இடத்தில் செய்தது. ஷாக்கின் உடம்பே குட்டை. அதனால் வண்டி இறங்கினாலும் அதற்குள் ஓட இடம் இருக்கும். மேலே ஒரு குமிழ். திருகினால் மெத்தென்று ஆகும், எதிர்ப்பக்கம் திருகினால் விறைக்கும். கீழே ஒரு வளையம். அதைத் திருகி உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இரண்டு விரலுக்குக் கீழே போகக் கூடாது என்று சொன்னேன். ரொம்ப மெத்தென்று வைத்தால் முழுக்க உட்கார்ந்து ரப்பரில் மோதும், இறக்கிய வண்டிக்கு மெத்தென்பது எப்போதும் சொகுசு இல்லை என்றும் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று சொன்னேன். அது நிச்சயமாக நினைவிருக்கிறது. "மச்சான், டிரைவர் சீட்டுல இருந்துக்கிட்டு முடிவு பண்ணாதீங்க. அடி எல்லாம் பின்னாலதான் உழுகும். பின் சீட்டுல இருக்கறவங்களைக் கேளுங்க. ஒவ்வொரு திருகுக்கும் கேளுங்க."

எங்கும் படித்துச் சொன்னதில்லை அது. எனக்கே தோன்றியது. இன்றைக்கும் அது சரியான யோசனை என்றுதான் சொல்வேன்.

பெட்டியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மச்சான் மாட்டினார். ஒவ்வொரு தடவையும் ஈரோடு போய் வந்து அப்பாவைக் கேட்டார். கேட்டு எனக்குச் சொன்னார்.

"மாமா, இன்னைக்கு எப்படிங்க?"

"நல்லா இருக்குதுங்க மாப்ள. தொட்டில்ல போட்டாப்பல இருக்குது."

குமிழைத் திருகினார். "இப்ப எப்படிங்க?"

"இதுவும் நல்லா இருக்குதுங்க."

எதிர்ப்பக்கம் திருகினார். அதுவும் நல்லா இருக்குதுங்க. எங்கள் ஆலையில் ஓர் அளவுகோல் எல்லாத் துண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டினால், துண்டுகளைப் பாராட்டிக்கொண்டு இருக்க மாட்டோம். அளவுகோலைக் கழற்றிப் பார்ப்போம். அப்பா விஷயத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? அப்பா அளவுகோல் இல்லையே. நானும் தினமும் போனில் கேட்டேன். "முதுகு எப்படிப்பா இருக்கு?" "நல்லா இருக்குது கண்ணு. நீ சாப்ட்டயா?" அவ்வளவுதான். எங்கள் பேச்சு அதைத் தாண்டிப் போகாது. ஆனால் தினமும் கேட்டேன்.

மாமனாரே நல்லா இருக்கிறது என்கிறாரே என்று மச்சானுக்குச் சந்தோஷம். வளையத்தைத் திருகி இன்னும் கொஞ்சம் இறக்கினார். கேட்டார். நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம். ஒரு விரலுக்கு வந்துவிட்டார். ஒரு நாள் எனக்குப் போன் செய்து, "அம்மிணி, நீ ரெண்டு வெரலுன்னு பயந்த. மாமாவைக் கேட்டுப்பாரு, பூவாட்டம் போகுதுங்கறாரு" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பெருமைப்படாமல் என்ன செய்வது, ஐயா? எனக்குக் கிடைத்த தகவல் அது.

அக்கா சொன்ன இரண்டு விஷயங்களை இங்கே சொல்ல வேண்டும். சொன்னபோது நாங்கள் இருவரும் சிரித்தோம். ஒன்று, பாலத்தில் ஏறியதும் அப்பா சீட்டில் இரண்டு கையையும் ஊன்றி உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வாராம். எங்கள் ஊர்ப் பாலத்தில் வரிசையாக இணைப்புகள் உண்டு. தடக், தடக் என்று அக்கரை வரைக்கும். "என்னப்பா பாக்கறீங்க?" என்று அக்கா கேட்டால், "ஆத்துல தண்ணி வந்திருச்சான்னு பாக்கறேன் சாமி" என்பாராம். கோடைக்காலம். பாறை தெரிகிறது. மேட்டூரில் அணையைத் திறக்கவே இல்லை. போகும்போது பார்ப்பார், வரும்போதும் பார்ப்பார். "அப்பாவுக்குத் தண்ணிப் பைத்தியம் புடிச்சிருக்குது" என்று அக்கா சொன்னாள்.

இரண்டாவது, டாக்டர் திட்டியது. இழுவை வைத்தால் அன்றைக்குக் குறைகிறது, அடுத்த தடவை வரும்போது பழையபடி இருக்கிறது, வீட்டில் எதையாவது தூக்குகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். அப்பா இல்லை என்றார். அம்மா நம்பவில்லை. "ஏனுங்க, நான் தூங்கினதுக்கப்பறம் திருட்டுத்தனமா தறிக்குப் போறீங்களா? மருவாதையாச் சொல்லுங்க!" என்று தறிக் கொட்டகைச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அறுபது வயது ஆளைப் பூட்டி வைத்த மாதிரி.

ஆடி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்ததும் அப்பா மச்சானிடம், "டாக்டரு கொஞ்ச நாளைக்கு வர வேண்டாமுன்னுட்டாருங்க மாப்ள. நீங்க கடையப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

மச்சான் நம்பினார். அக்கா நம்பினாள். நானும் நம்பினேன்.

பிறகு நடந்தது மச்சான் சொன்னது. கருங்கல்பாளையத்தில், அதாவது பாலத்துக்கு அந்தப் பக்கம், சிநேகிதர் ஒருவரோடு காரில் போய்க்கொண்டிருந்திருக்கிறார். எதிரே டவுன் பஸ் நிற்கிறது. முன்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சட்டைக்கு மேலே இடுப்புப் பெல்ட்டோடு, ஒவ்வொரு காலாக இறங்குகிறார் அப்பா. சிநேகிதர் சொல்லியிருக்கிறார்: "நவநீ, அது உன்ற மாமனாரில்ல? வண்டியத் தரையோட தரையா இறக்கி வெச்சிருக்கற, பெரியவரை டவுன் பஸ்ஸுல உட்டுட்டயா?"

அந்த வார்த்தை மச்சானைக் குத்திவிட்டது. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். இது அக்கா சொன்னது:

"நான் கடையச் சாத்திப்போட்டு வந்து கூட்டிட்டுப் போனது பத்தலீங்களா மாமா? டவுன் பஸ்ஸுல போயி என்ற மானத்த வாங்கோணுமா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க மாப்ள."

"பொறவு எப்படீங்க?"

"பஸ்ஸுல காத்து நல்லா வருமுங்க."

"கார்ல ஏசி இருக்குதுங்க!"

"ஏசி நல்லாத்தானுங்க இருக்குது. எனக்குத்தான் ஒத்துக்கறதில்ல."

"வண்டி புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லிப்போடுங்க மாமா."

"ஐயோ, வண்டிக்கு என்னங்க மாப்ள! வண்டி தங்கமுங்க!"

"அப்ப என்னையத்தான் புடிக்கல."

வண்டியில் குறை இல்லை என்றால் குறை யாரிடம்? மச்சானுக்கு அப்படித்தானே தோன்றும். நடுவில் அக்கா, "அவருக்கு எதுல சௌகரியமோ அதுல போகட்டுமே, உங்களுக்கு என்ன?" என்றிருக்கிறாள். "அப்ப நீயும் உங்கப்பனோட சௌகரியமா இங்கயே இரு" என்று மச்சான் சொல்லிவிட்டார். சாவியை விட்டெறிந்துவிட்டுப் போனார் என்கிறாள் அக்கா. "எறியல அம்மிணி, ஸ்டூல் மேல வெச்சுட்டுத்தான் வந்தேன்" என்கிறார் மச்சான். சாவியைப் பிறகு நான் பார்த்தேன். கீறல் இல்லை. வைத்திருக்கலாம்.

அன்றிலிருந்து கார் எங்கள் வாசலில். அக்கா எங்கள் வீட்டில். தெருவில் போகிறவர்கள், "மாப்ள வந்திருக்காருங்களா?" என்று கேட்பார்கள், காரைப் பார்த்து. அம்மா ஆமாம் என்பாள் முதல் சில நாள். பிறகு உள்ளேயே இருந்துவிட்டாள். அப்பா தினமும் காலையில் துணியை நனைத்துக் காரைத் துடைப்பார். குனியக் கூடாத மனிதர்.

நான் போனில் கேட்டேன். "ஏம்ப்பா பஸ்ஸுல போறீங்க? உக்கார இடமாவது கெடைக்குதா?"

"ஜன்னல் சீட்டே கெடைக்குது கண்ணு."

டாக்டர் அந்த மாதங்களில் முதுகு பரவாயில்லை என்று சொன்னதாக அக்கா சொன்னாள். அம்மா சாவியை மறைத்ததால்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம்.

நான் ஆயுதபூஜைக்குப் போனேன். எப்படியாவது இதைச் சரிசெய்ய வேண்டும் என்று போனேன். மச்சானுக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "மச்சான், வண்டிக்கு யாருங்க பொட்டு வெக்கறது?" வண்டி வைத்திருக்கிற மனிதர், ஆயுதபூஜை அன்று வண்டி பொட்டில்லாமல் நிற்பதை எப்படிப் பொறுப்பார்? மத்தியானம் வந்துவிட்டார். கையில் எலுமிச்சம்பழமும் மாலையும். நேரே வண்டியைக் கழுவப் போனார். ஏற்கெனவே துடைத்து வைத்திருப்பதைப் பார்த்தார். யார் துடைத்தது என்று கேட்கவில்லை. தறிக்கு வைத்த அதே சந்தனத்தை அப்பா ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினார். மச்சான் வாங்கிக்கொண்டார்.

நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நசுக்க வேண்டுமானால் வண்டியை எடுக்க வேண்டும். நான் சட்டென்று பின் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். "அப்படியே பாலத்துக்கு ஒரு ரவுண்டு போலாமுங்க மச்சான்" என்றேன். அக்காவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவள் முன்னால் ஏறினாள். பழம் நசுங்கியது. கிளம்பினோம்.

அப்பா உட்காரும் இடத்தில்தான், இடதுபக்கம், உட்கார்ந்தேன். நான் தேர்ந்தெடுத்த ஷாக் மாட்டிய பிறகு அந்தச் சீட்டில் உட்காருவது அதுதான் முதல் தடவை. இதற்கு முன்னால் நேரமே கிடைக்கவில்லை.

தெருவில் ஒன்றும் தெரியவில்லை. பாலத்தில் ஏறினோம்.

முதல் இணைப்பு. எனக்கு இருபத்துமூன்று வயது, ஐயா. முதுகில் ஒரு குறையும் இல்லை. அது சீட்டிலிருந்து ஏறி, பல்லில் வந்து நின்றது. அடியில் ரப்பரில் முட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டாவது. மூன்றாவது. குனிந்து பார்த்தால் என் இரண்டு கையும் சீட்டில் ஊன்றியிருக்கிறது. உடம்பு கொஞ்சம் மேலே தூக்கியிருக்கிறது. ஜன்னலில் ஆறு தெரிந்தது. கரை தொட்டுத் தண்ணீர்.

மச்சான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"எப்படி அம்மிணி, உன்ற செலக்‌ஷனு?"

முன்னால் அக்கா. எத்தனையோ நாளைக்கப்புறம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தலையில் பூ. அவளும் திரும்பி என்னைப் பார்க்கிறாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

"நல்லா இருக்குதுங்க மச்சான்" என்றேன்.

அந்த நேரத்தில் அதுதான் சரி. அன்று ராத்திரியே அக்கா துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு அதே காரில் குமாரபாளையம் போய்விட்டாள். அம்மா வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மாப்ள கெளம்பிட்டாருங்க" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து மச்சான் பழையபடி கடையைச் சாத்திவிட்டு வந்து அப்பாவை அழைத்துப்போகிறார். ஒரு குடும்பம் சேர்ந்துவிட்டது. பின் சீட்டைக் கேளுங்கள் என்று சொன்னவள் நான்தான். அவர் கேட்டார். பதில் கிடைத்தது.

இப்போது ஏன் ஊருக்குப் போகிறேன் என்றால், டாக்டர் மறுபடி ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். நாளைக்கு வீட்டார் எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறார். மச்சான் காலையில் காரோடு வந்துவிடுவதாகச் சொன்னார். எல்லோரும் ஒரே வண்டியில் போகிறோம்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டு வருகிறேன். அதற்குள் உங்கள் பெட்டி கண்ணில் பட்டுவிட்டது.

ஒரு நிமிடம், ஐயா. அப்பாதான்.

"சொல்லுங்கப்பா… தொப்பூர் தாண்டியாச்சுப்பா… ஆமாப்பா, சீட்டு கெடைச்சுது. நல்ல சீட்டு. முன்னாலயேதான்… இல்லப்பா, அலுங்கவே இல்ல. முதுகு எப்படி இருக்கு?… சரிப்பா. சரி. சாப்ட்டேன்."

நன்றாக இருக்கிறதாம்.

நீங்கள் உங்கள் மாப்பிள்ளையிடம் மாட்டுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், ஐயா. இரண்டு விரலுக்குக் கீழே வேண்டாம். ஷாக் நல்ல ஷாக்தான். இடம் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். மாட்டிய பிறகு யாராலும் சொல்ல முடியாது. என்ன? 'நமக்கெதுக்கும்மா, அவரு ஆசைப்பட்டுக் கேட்டாரு' என்கிறீர்களா. ஆமாம். ஆசைதான்.

சேலம் வந்துவிட்டது. பெட்டியை நான் பிடிக்கிறேன், நீங்கள் எழுந்துகொள்ளுங்கள். கூட்டம் இறங்கட்டும். அதற்குள் இன்னொன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இது யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நானே சரிபார்த்தது.

ஆயுதபூஜைக்கு மறுநாள் ஓசூருக்குத் திரும்ப ஈரோடு பேருந்து நிலையம் போக வேண்டியிருந்தது. அப்பா போன அதே டவுன் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டரிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன். "பெல்ட்டுப் போட்ட பெரியவருங்களா? தெரியுமுங்க. மத்தியான ட்ரிப்புல பாதி சீட்டு காலியாத்தான் கெடக்கும். உக்காருங்கன்னு எத்தனையோ வாட்டி சொல்லிப் பாத்துட்டேன். இருக்கட்டுங்கன்னுட்டு நின்னுக்கிட்டேதான் வருவாரு" என்றார்.

பாலம் வந்தபோது நானும் எழுந்து நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி நின்றேன். அப்படி நின்றால், ஐயா, ஓர் இணைப்பின் அடிகூட முதுகுக்கு வருவதில்லை. அக்கரை வரை நின்று பார்த்தேன். எல்லாவற்றையும் முழங்காலே வாங்கிக்கொள்கிறது.